செவெரீனோ முடிக்காமல் விட்ட ஸ்வரம்

கியூபா தீவின் வடகரையில், கரும்புக் காடு கடல்வரைக்கும் இறங்கி வந்து நிற்கிற சான் தெல்மோ என்ற துறைமுக ஊரில், செவெரீனோ மொந்தால்வோ என்றொருவர் இருந்தார். வாரத்தில் ஆறு நாள் சர்க்கரை ஏற்றுமதிக்கான பீப்பாய்களுக்கு இரும்பு வளையம் அடிப்பார், ஏழாம் நாள் கார்னெட் என்கிற சின்னப் பித்தளை எக்காளம் ஊதுவார். அவருடைய தாய் ஆலையில் அடிமையாகப் பிறந்தவள். அவரோ தீயணைப்புப் படையின் வாத்தியக் குழுவில் ஊதக் கற்று, இருபத்தைந்து வயதில் தச்சர்களையும் செருப்புத் தைப்பவர்களையும் சுருட்டுச் சுற்றுகிறவர்களையும் சேர்த்துப் பதினொரு பேர் கொண்ட சொந்தக் கோஷ்டி அமைத்தார். அந்தக் கோஷ்டி தான்ஸோன் வாசித்தது.

தான்ஸோன் அப்போது புதிய ஆட்டம், அவசரமே இல்லாத ஆட்டம். முதலில் வாத்தியங்கள் ஒரு பல்லவியை வாசிக்கும்போது யாரும் ஆடமாட்டார்கள், ஜோடிகள் கைகோத்து நின்று விசிறிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருப்பார்கள். பல்லவி முடிந்ததும் ஆடுவார்கள். மறுபடி பல்லவி வந்தால் மறுபடி நின்றுவிடுவார்கள். செவெரீனோவின் கோஷ்டி வாசிக்கிறபோது நிற்பதுகூட ஆடுவது மாதிரி இருக்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு கடைசியில் வெள்ளையர்களின் லிசேயோ மன்றத்தின் காதுக்கும் எட்டியது. அதுவரை மதான்ஸாஸ் நகரத்திலிருந்து கோஷ்டியை வரவழைத்துக்கொண்டிருந்த மன்றம், ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழாம் வருடத்துக் கோடையில் முதல்முறையாக உள்ளூர்க்காரரை அழைத்தது. சமையல்கட்டை ஒட்டிய பின்வாசல் வழியாக வரவேண்டும், அதே வழியாகப் போகவேண்டும். கறுப்பர்கள் அந்தக் கட்டடத்துக்குள் நுழைவதற்கு வாத்தியம் ஒன்றுதான் அனுமதிச் சீட்டு.

அந்த வருடம் ஆகஸ்டு மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் இன்னும் ஜன்னல்களில் காய்ந்துகொண்டிருந்த சாயங்கால வேளையில், இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே பின்வாசலில் ஒரு வண்டிக்காரர் வந்து நின்றார். கிளாரினெட்காரர் தாமாசோ, செவெரீனோவோடு சேர்ந்து வளர்ந்தவர், அவர்தான் போய் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு மேடைக்குத் திரும்பினார்.

"பெலேனுக்கு வலி கண்டிருக்கு," என்றார். "குழந்தை குறுக்கே கிடக்குதாம். மருத்துவச்சி லுக்ரேசியா உன்னை உடனே வரச் சொல்றா."

பெலேன் செவெரீனோவின் மனைவி. இருபத்து மூன்று வயது. காலையில் அவர் கிளம்பும்போது சட்டைக்குக் கஞ்சி அதிகமாகிவிட்டதென்று சிரித்துக்கொண்டு நின்றவள். வலி வர இன்னும் மூன்று வாரம் இருந்தது.

செவெரீனோ மேடையிலிருந்து இறங்கி, மன்றத்தின் செயலாளர் தோன் இலாரியோவிடம் போனார். தோன் இலாரியோ வெள்ளை லினன் உடுப்பில், நிகழ்ச்சி நிரலை நான்காக மடித்து விசிறிக்கொண்டு நின்றார்.

"ஐயா, நான் வீட்டுக்குப் போகணும். மனைவிக்குப் பிரசவம் சிக்கலா இருக்கு."

"மருத்துவச்சி இல்லையா?"

"இருக்காங்க."

"அப்ப நீ போய் அங்கே என்ன செய்யப் போறே? இன்னும் மூணு தான்ஸோன் இருக்கு. உன் பேரைப் போட்டு அச்சடிச்சிருக்கோம்." தோன் இலாரியோ கோபக்காரரல்ல, பொறுமையாகவே சொன்னார். "போறதுன்னா போ, நான் தடுக்கலை. அடுத்த வாரத்துலேருந்து மறுபடி மதான்ஸாஸ் கோஷ்டிக்கே எழுதிடறேன், அவ்வளவுதான்."

செவெரீனோ மேடையைத் திரும்பிப் பார்த்தார். பத்துப் பேர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாரும் இரு என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவர் மேடை ஏறினார். தன்னை யாரும் கயிறு போட்டுக் கட்டி வைக்கவில்லை என்பதைப் பிறகு எந்த நாளிலும் அவரால் மறக்க முடியவில்லை.

முதல் தான்ஸோன் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதன் முடிவில் கார்னெட் தனியாக, ஏழு ஸ்வரங்களில் ஆறாவதான லாவை நீளமாகப் பிடிக்கவேண்டும், மற்ற வாத்தியங்கள் அதன் கீழே ஒவ்வொன்றாக அடங்கவேண்டும், அப்புறம் கார்னெட்டும் நாக்கு நுனியால் அதை மூடவேண்டும். செவெரீனோ அந்த லாவைப் பிடித்தார். அப்படி ஒரு ஸ்வரத்தை அவர் அதற்கு முன் ஊதியதில்லை என்று தாமாசோ பிற்காலத்தில் சொல்வார்; நடுக்கமில்லாமல், வழவழப்பாக, தண்ணீரிலிருந்து எடுத்த கண்ணாடி மாதிரி அது வந்தது. ஜோடிகள் காலடி வைப்பதை மறந்து தலை தூக்கினார்கள். அப்போது கோயில் மணிக்கூண்டு ஆறு மணி அடிக்கத் தொடங்கியது. முதல் மணி காதில் விழுந்ததும் செவெரீனோ கார்னெட்டை உதட்டிலிருந்து எடுத்தார், ஸ்வரத்தை மூடாமலே மேடையிலிருந்து குதித்தார், பட்டுப் பாவாடைகளை விலக்கிக்கொண்டு ஆட்டக்களத்தின் நடுவே ஓடி, வெள்ளையர்கள் மட்டுமே நடக்கிற முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கினார்.

லா அங்கேயே நின்றது.

செவெரீனோ அதைக் கேட்கவில்லை. பட்டறைத் தெரு, மீன் சந்தை, பாலம் என்று ஓடி அவர் வீட்டை அடைந்தபோது லுக்ரேசியா வாசலில் கைகளைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"மணி அடிக்க ஆரம்பிச்சப்ப, 'வந்துட்டாரா'ன்னு கேட்டா," என்றாள். "அடிச்சு முடிஞ்சப்ப அவ இல்லை."

குழந்தையும் பிழைக்கவில்லை. திங்கட்கிழமை இருவரையும் ஒரே பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்க, லிசேயோ மன்றத்தில் வேறு வேலை நடந்தது. திங்கட்கிழமை கூடம் பெருக்க வந்த பெண் யாரோ இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து, மேடைக்குக் கீழே குனிந்து பார்த்தாள். செவ்வாய்க்கிழமை தோன் இலாரியோ வந்து ஜன்னல்களைச் சாத்திப் பார்த்தார், திறந்து பார்த்தார். மேடையின் இடப்பக்கம், மூன்றாவது தூணுக்கு ஓரடி தள்ளி, ஆளின் தோள் உயரத்தில் அந்த ஸ்வரம் நின்றுகொண்டிருந்தது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதன் வழியாக நடந்தால் நெஞ்சில் யாரோ மெல்ல ஊதுவது மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. புதன்கிழமை பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். தெளித்ததால் அது கூடவும் இல்லை குறையவும் இல்லை என்பதால், சாத்தான் வேலையல்ல, தெய்வ வேலையும் அல்ல, ஆகவே மன்றத்தின் நிர்வாகமே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வியாழக்கிழமை மதான்ஸாஸிலிருந்து பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர் வந்து, அரைமணி நேரம் காதைக் கொடுத்துக் கேட்டு, இது மிகச் சுத்தமான லா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றி ஆச்சரியப்படவில்லை.

ஆச்சரியம் போனபின் உபயோகம் வந்தது. வயிற்று உப்புசத்தால் வீறிட்டு அழும் குழந்தைகளைத் தாய்மார்கள் தூக்கிவந்து தூண் பக்கத்தில் பிடித்துக்கொள்வார்கள், குழந்தைகள் தூங்கிவிடும். ஊர்ப் பெரிய வீட்டுப் பையன்கள் பெண் கேட்கிற வார்த்தையை அங்கே நின்றுதான் சொன்னார்கள், அங்கே சொன்ன வார்த்தை பொய்க்காது என்று ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. மன்றம் அதைச் சுற்றிப் பித்தளைக் கம்பி போட்டுச் சிவப்பு வெல்வெட் கயிறு கட்டியது. கரும்பாலைச் சங்கை மாற்றியபோது இந்த லாவுக்குப் பொருத்தமாகவே செய்து வாங்கினார்கள். சேவல்கள் அதே சுருதியில் கூவப் பழகின. சான் தெல்மோக்காரர்கள் பேச்சைத் தொடங்கும்போது தங்களை அறியாமல் அந்த லாவில் தொடங்கி அப்புறம் இறங்குவார்கள். அதை வைத்தே ஹவானாக் கடைத்தெருவில் அவர்களை அடையாளம் கண்டுகொள்வார்களாம்.

கறுப்பர்கள் உள்ளே போக முடியாது. அவர்கள் மன்றத்தின் பக்கச் சந்தில், மூன்றாவது தூணுக்கு நேரான ஜன்னலின் கீழே, வீட்டிலிருந்து முக்காலிகளை எடுத்துவந்து போட்டு உட்கார்ந்து கேட்டார்கள். பீன்ஸ் உரிப்பவர்கள் பீன்ஸ் உரித்தார்கள், துணி தைப்பவர்கள் தைத்தார்கள். "நம்ம செவெரீனோவோடது," என்று வெளியூர்க்காரர்களிடம் ஜன்னலைக் காட்டினார்கள்.

அந்த ஊரில் அந்த ஸ்வரத்தைக் கேட்காத ஒரே ஆள் செவெரீனோதான்.

புதைத்த நாலாம் நாள் தாமாசோ வந்து விஷயத்தைச் சொன்னார். செவெரீனோ கார்னெட்டை எடுத்து, கீழிருந்து ஒவ்வொரு ஸ்வரமாக ஊதினார். எல்லாம் வந்தன. லா வரவேண்டிய இடத்தில் வெறும் காற்று வந்தது. வேறு விரல் வைத்துப் பார்த்தார், உதட்டை இறுக்கிப் பார்த்தார், தாமாசோவின் கிளாரினெட்டை வாங்கி அதிலும் ஊதிப் பார்த்தார். காற்றுதான் வந்தது. கார்னெட்டைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, "சரி," என்றார்.

அதற்குப் பிறகு லிசேயோ மன்றம் இருந்த தெரு வழியாக அவர் போகவே இல்லை. பட்டறைக்குப் போக அந்தத் தெரு குறுக்கு வழி. அவர் துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு, காற்று எதிராக அடிக்கும் நாட்களில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போனார். மன்றமும் அவரைத் திரும்ப அழைக்கவில்லை. முன்வாசல் வழியாக ஓடியதை அவமரியாதை என்று சொல்லவில்லை. ஸ்வரம் இங்கே இருக்கும்போது ஆள் எதற்கு என்ற நினைப்புதான்.

ஆனால் மனிதர் ஊதாமல் இருக்க முடியாதவர். ஒரு வருட துக்கம் முடிந்ததும் கோஷ்டியைக் கூட்டி, லா இல்லாத தான்ஸோன்களை எழுதத் தொடங்கினார். எப்படி எழுதினாலும் ராகம் அந்த இடத்துக்குப் போகத்தான் செய்தது. போனபோது கார்னெட் வாயை மூடிக்கொண்டது. கோஷ்டியும் அவரோடு சேர்ந்து ஒரு கணம் நின்றது. பிறகு எல்லாரும் ஒன்றாகத் தொடர்ந்தார்கள். முதல் தடவை கேட்டவர்கள் தப்பு என்று நினைத்தார்கள். இரண்டாவது தடவை அந்த இடைவெளியில் குதிகாலைத் தூக்கி நிறுத்திப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை அதற்காகவே வந்தார்கள். இரண்டு வருடத்தில் கார்தெனாஸிலும் சியென்ஃபுவேகோஸிலும் இருந்த கோஷ்டிகள் எல்லா ஸ்வரமும் கைவசம் இருந்தும் வேண்டுமென்றே ஒன்றை விட்டு வாசித்தன. ஜோடிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நெற்றியோடு நெற்றி நெருங்கி, அந்த மௌனத்துக்குள் நின்றார்கள். எத்தனையோ கல்யாணங்கள் அந்தக் கணத்தில் முடிவாயின. மேடையில் நின்றவருக்கு மட்டும் அந்த இடைவெளி ஒவ்வொரு முறையும் லுக்ரேசியா கைகளைத் துடைத்த வாசலாக இருந்தது. ஒரு மாலைக்கு நாற்பது தடவை அவர் அந்த வாசலுக்குப் போய்த் திரும்பினார்.

யாரிடமும் அவர் சொல்லவில்லை. பெலேன் என்ற பெயரை அவர் வாய்விட்டுச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஊரும் மறந்தது, அவருக்கு ஒரு காலத்தில் மனைவி இருந்தாள் என்பது வயதானவர்களுக்கு மட்டும் தெரிந்த செய்தியாயிற்று. பெண் கொடுக்க வந்தார்கள், அவர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, காப்பி கொடுத்து, வேண்டாம் என்று அனுப்பினார்.

ஸ்பெயினிடமிருந்து விடுதலை கேட்டு யுத்தம் வந்தது. மன்றத்தை ஸ்பெயின் ராணுவம் எடுத்துக்கொண்டு மஞ்சள் காய்ச்சல் ஆஸ்பத்திரியாக்கியது. அஸ்தூரியாஸ் மலைகளிலிருந்து வந்த இருபது வயதுச் சிப்பாய்கள், தங்கள் ஊர் மாட்டுமணி மாதிரி கேட்கிறது என்று சொல்லி, கட்டிலைத் தூண் பக்கம் போடச் சொல்லிக் கெஞ்சினார்கள். வரிசை முறை வைத்துப் போட்டார்கள். பிறகு வடக்கேயிருந்து அமெரிக்கர்கள் வந்தார்கள். கட்டடத்தை ஒப்புக்கொண்ட அமெரிக்க அதிகாரி சாமான் பட்டியலில், 'பியானோ ஒன்று, நாற்காலி நாற்பத்திரண்டு, சத்தம் ஒன்று' என்று எழுதினார். அவர்களும் போனார்கள். தீவு குடியரசாயிற்று. செவெரீனோ ஹவானாவுக்குப் போய், பெரிய தகரப் புனலின் முன்னால் நின்று இசைத்தட்டுக்கு வாசித்தார். யந்திரக்காரர் இடைவெளி வந்த இடத்தில் யந்திரம் கெட்டுவிட்டதென்று பயந்து கையை ஆட்டினார். அப்புறம் அந்தத் தட்டுதான் தீவு முழுக்கச் சுற்றியது. மெக்சிகோவிலிருந்து கூப்பிட்டார்கள், போய்விட்டு வந்தார். எங்கே போனாலும் அவரைப் பாராட்டியவர்கள் அவர் ஊதாததைத்தான் பாராட்டினார்கள்.

ஒருநாள் பட்டறையில், பீப்பாய்ப் பலகைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது, தாமாசோ பேச்சை எடுத்தார். அப்போது அவர் நெஞ்சில் நோய் வந்து கிளாரினெட்டை விட்டிருந்தார்.

"போய் ஒருதடவை கேளேன்," என்றார். "நான் வாரம் ஒரு நாள் சந்துல போய் உட்கார்ந்து கேக்கறேன். அன்னிக்குச் சேதியைக் கொண்டுவந்து உங்கிட்டச் சொன்னவன் நான். சொல்லிட்டு, போடான்னு உன்னைத் தள்ளிவிடாம மேடையில நின்னவனும் நான். என்னாலயே கேக்க முடியுது."

"உன்னால முடியும்."

"உனக்கு என்ன பயம்?"

செவெரீனோ வளையத்தைத் திருப்பி வைத்துச் சுத்தியலை எடுத்தார். "அது நல்லாயிருக்கும்," என்றார். "எல்லாரும் சொல்றாங்க. அவ அங்கே துடிச்சிட்டிருந்தப்ப நான் அவ்வளவு நல்லா ஊதியிருக்கேன். அதை எப்படிடா கேக்கறது?"

தாமாசோ அடுத்த பலகையை எடுத்து நீட்டினார். அடுத்த மழைக்காலத்தில் அவர் இறந்தார். அதன்பிறகு செவெரீனோவை 'டா' போட்டுக் கூப்பிட ஆளில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்றில் லிசேயோ மன்றம் வடக்கேயிருந்து ஒரு பெரிய பியானோ வரவழைத்தது. வாத்தியங்களுக்குச் சுருதி வைக்கிற உயரம் உலகம் முழுக்கக் கொஞ்சம் இறங்கிப்போயிருந்தது. புதுப் பியானோவின் லாவும் தூணருகே நின்ற லாவும் பக்கத்துப் பக்கத்தில் கேட்டபோது பல் கூசியது. ஹவானாவிலிருந்து வந்த சாக்ஸஃபோன் கோஷ்டி அரை ஆட்டம் வாசித்துவிட்டு, காதை மூடிக்கொண்டு வாத்தியங்களைக் கட்டியது. நிர்வாகக் குழு மூன்று நாள் கூடிப் பேசியது. பியானோவைத் திருப்பி அனுப்ப முடியாது என்று முடிவாயிற்று.

தோன் இலாரியோ இறந்து பல வருடம் ஆகியிருந்தது. அவருடைய மகன் ரொதோல்ஃபோதான் இப்போது செயலாளர். முப்பத்து நாலு வயது, மரியாதை தெரிந்த மனிதர். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டறைக்கே வந்தார்.

"மாயெஸ்த்ரோ, ஒரு உதவி கேட்க வந்தேன். அந்த ஸ்வரத்தை நீங்க வந்து முடிச்சு வைக்கணும்."

செவெரீனோவுக்கு அப்போது அறுபத்து நாலு வயது. முன்பற்களில் இரண்டு கட்டியவை. அவர் ரொதோல்ஃபோவின் முகத்தைப் பார்த்தார், அதில் வெள்ளை லினன் உடுப்புக்காரரின் தாடை இருந்தது.

"நான் வரணும்னா," என்றார், "அன்னிக்கு முன்கதவையும் ஜன்னல்களையும் திறந்து வைக்கணும். சந்துல உட்கார்ந்து கேக்கறவங்க உள்ளே வந்து, பக்கத்துல நின்னு கேக்கணும். அவங்க போனப்புறம் நான் தனியாப் போவேன்."

ரொதோல்ஃபோ நிர்வாகக் குழுவைக் கேட்டுவிட்டு வந்து, ஒரு மணி நேரத்துக்குச் சம்மதம் என்றார்.

ஊர் இரண்டுபட்டது. அங்கே நின்று பெண் கேட்டவர்களும் கேட்கப்பட்டவர்களும் செவெரீனோவின் வீட்டுக்குப் படையெடுத்தார்கள். "எங்க வாக்கெல்லாம் என்ன ஆகிறது?" என்று ஒரு வயதான சீமாட்டி கேட்டாள். "அது உங்க வாக்கு, உங்ககிட்டத்தான் இருக்கு. இது என்னோடது," என்றார் அவர்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு முன்கதவு திறந்தது. சந்திலிருந்தவர்கள் முக்காலிகளோடு உள்ளே வந்தார்கள். முப்பத்தாறு வருடம் சுவருக்கு வெளியே கேட்டதை ஓரடி தூரத்தில் கேட்டார்கள். வெல்வெட் கயிற்றை யாரோ அவிழ்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, கண்ணை மூடி, அதற்குள் நுழைந்து வெளியே வந்தார்கள். கைக்குழந்தைகளை நுழைத்து எடுத்தார்கள். ஒரு சலவைக்காரி உள்ளே நின்றவள் வெளியே வரவே மாட்டேன் என்று கொஞ்ச நேரம் நின்றாள். பதினொரு மணிக்கு எல்லாரும் வெளியே போய்த் தெருவில் நின்றார்கள். செவெரீனோ உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

காதிலிருந்து பஞ்சை எடுத்தார்.

எல்லாரும் சொன்னது உண்மைதான், அது நன்றாக இருந்தது. ஆனால் யாரும் சொல்லாத ஒன்று அதில் இருந்தது. ஒரு நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்கக் கேட்க, அடியில், மிகவும் அடியில், ஓடப்போகிற ஒருவனுடைய மூச்சு அவருக்குக் கேட்டது. அழகாக ஊதவேண்டும் என்று அந்த இருபத்தெட்டு வயதுக்காரன் ஊதவில்லை. இதோ முடிந்துவிடும், இதோ வந்துவிடுகிறேன் என்று, அது தவிர வேறு நினைப்பே இல்லாமல் ஊதியிருந்தான். இன்னொன்றையும் அவர் புரிந்துகொண்டார். இந்த ஸ்வரம் தொடங்கியபோது மணி ஆறு அடித்திருக்கவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம், வெயில் விழுகிற அறையில், பெலேன் உயிரோடு இருந்தாள். வந்துட்டாரா என்று இன்னும் கேட்டிருக்கவில்லை. ஊர் முழுக்கக் குழந்தைகளைத் தூங்கவைத்த, சிப்பாய்களை நிம்மதியாகச் சாகவிட்ட, கல்யாணங்களை முடித்துவைத்த அந்த லாவுக்குள் முப்பத்தாறு வருடமாக அவள் உயிரோடுதான் இருந்திருக்கிறாள். அவர்தான் பக்கத்தில் வராமல் துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

அவர் அவளிடம் பேசினார். என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. வெளியே நின்றவர்களுக்கு, ஸ்வரத்தின் மேல் ஒரு கிழவரின் குரல் ஏறி இறங்குவது மட்டும் கேட்டது. மிக நீண்ட நேரம் கேட்டது.

பிறகு எழுந்து, கார்னெட்டைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, நின்றுகொண்டிருந்த ஸ்வரத்தில் உதடு வைத்தார். அது வெதுவெதுப்பாக அவர் வாய்க்குத் திரும்பி வந்தது. ஒரு கிழவரின் மூச்சால் எவ்வளவு நேரம் தாங்க முடியுமோ அவ்வளவு நேரம் தாங்கினார், நாலு தாளக்கட்டு வரைக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, நாக்கு நுனியால் மூடினார்.

தெருவில் ஒரு சேவல் கூவ வாயெடுத்துக் கூவாமல் நின்றது. ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கள் செருப்புச் சத்தம், வண்டிச் சத்தம், தங்கள் மூச்சு எல்லாம் திடீரென்று ரொம்பப் பக்கத்தில் கேட்பதாக இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவரிடம் ரொதோல்ஃபோ, "ரொம்ப நன்றி, மாயெஸ்த்ரோ," என்றார். பிறகு தயங்கி, "உள்ளே யார்கூடவோ பேசின மாதிரி இருந்தது," என்றார்.

"என் மனைவிகூட," என்றார் செவெரீனோ. "பெலேன்னு பேரு. உங்க அப்பா இன்னும் மூணு தான்ஸோன் இருக்குன்னு சொன்னார், நானும் நின்னு வாசிச்சேன். அன்னிக்குப் பிரசவத்துல போயிட்டா. குழந்தையும் போயிடுச்சு."

ரொதோல்ஃபோ தொப்பியைக் கையில் திருப்பித் திருப்பிப் பிடித்தார். "எனக்குத் தெரியாது," என்றார். "என்னையெல்லாம் அந்தத் தூண்கிட்டப் படுக்கவச்சுத்தான் தூங்கவச்சாங்களாம். எனக்கு யாரும் சொல்லலை."

"யாருக்கும் நான் சொல்லலை."

இருவரும் மன்றத்தின் முன்னால் வெயிலில் நின்றார்கள். கூட்டம் மெல்லக் கலைந்தது. போய்விடலாமா என்று பார்த்து, போக மனம் வராமல், ரொதோல்ஃபோ கேட்டார்:

"என்ன குழந்தை?"

செவெரீனோ அவரைப் பார்த்தார். முப்பத்தாறு வருடத்தில் அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"பொண்ணு," என்றார்.

"பேர் வச்சிருந்தீங்களா?"

"இல்லை. பையன்னு நினைச்சு ஒரு பேர் வச்சிருந்தோம். பொண்ணுக்கு யோசிக்கலை."

அன்று மாலை அவர் கோஷ்டிக்காரர்கள் புது ஆட்டம் ஒன்றை ஒத்திகை பார்க்க அவர் வீட்டுக்கு வந்து, கதவு தாழிட்டிருந்ததால் வாசலிலேயே நின்றார்கள். உள்ளே அவருடைய குரல் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து நின்று கேட்டார்கள். அவர் பெண்பிள்ளைப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். செலெஸ்தினா, என்றார், நிறுத்தினார். அவுரோரா, என்றார், நிறுத்தினார். கூப்பிடுகிற குரலில், அடுத்த அறையில் விளையாடும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, ஒவ்வொரு பெயரையும் ஒரு தடவை சொல்லி, அது பொருந்துகிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனார். கோஷ்டிக்காரர்கள் கதவைத் தட்டவில்லை. வாத்தியங்களைத் தரையில் வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். அவர் பொறுமையாக, தனியாக, தேடிக்கொண்டே இருந்தார்.